ஒரே தொட்டித் தண்ணீரில் நான்கு பேர்

பாலக்காட்டில் கல்லூரிகள் திறக்கும் ஜூன் மாதத்தில் வாடகை வீடு தேடி அலையும் மாணவர்கள், வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, பேருந்து நிறுத்தம் எவ்வளவு தூரம் என்று கேட்டுவிட்டு அத்துடன் நிறுத்திக்கொள்கிறார்கள். வீட்டின் மேல்தொட்டி எத்தனை லிட்டர் பிடிக்கும், மோட்டார் போடும் சுவிட்ச் யார் கையில் இருக்கிறது, மின்சார பில் யார் பெயரில் வருகிறது என்று கேட்பவர்களை நான் பார்த்ததில்லை. ஆனால் வீடு எடுத்துச் சேர்ந்து வாழத் தொடங்கியபின் வரும் மனக்கசப்புகள் பெரும்பாலும் இந்தக் கேள்விகளைச் சுற்றியேதான் வருகின்றன. இதை எங்கள் வீட்டில் நடந்தவற்றைக் கொண்டும், அக்கம்பக்கத்தில் வீடெடுத்துத் தங்கியிருக்கும் மாணவர்கள் சொன்னவற்றைக் கொண்டும் எழுதுகிறேன்.

நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பெண். வீட்டில் தமிழும் அலுவலகத்தில் மலையாளமுமாக வளர்ந்தவர்கள் எங்கள் சித்தூர் வட்டத்தில் ஏராளம். முதுகலைப் பொருளியல் படிக்க நகரத்துக்கு வந்தபோது, விடுதியில் இடம் கிடைக்காத மற்ற மூன்று பெண்களுடன் சேர்ந்து ஒலவக்கோட்டில் ஒரு வீட்டின் மாடிப் பகுதியை வாடகைக்கு எடுத்தேன். ஒருத்தி பொள்ளாச்சி, ஒருத்தி மறையூர், இன்னொருத்தி மலப்புரம். கீழ்த்தளத்தில் வீட்டு உரிமையாளர் குடும்பத்துடன் இருக்கிறார்; அவரைச் சேச்சி, அதாவது மலையாளத்தில் அக்கா, என்றே அழைக்கிறோம். இரண்டு படுக்கையறை, ஒரு ஹால், ஒரு சமையலறை, ஒரே ஒரு குளியலறை. தமிழும் மலையாளமும் நால்வருக்கும் ஏதோ ஓரளவு புரியும் என்பதால் மொழியால் பெரிய இடைஞ்சல் வரவில்லை. இடைஞ்சல் எல்லாம் பொருள்களால் வந்தது.

வீட்டில் சண்டை வந்தால் உடனே நாம் எதிரிலிருப்பவரின் குணத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறோம். "அவளுக்கு எப்போதும் தன் காரியம்தான் பெரிது", "அவளுக்கு வீட்டில் ஒரு வேலையும் செய்து பழக்கமில்லை" என்றெல்லாம் மூன்றாவது ஆளிடம் சொல்லி ஆறுதல் தேடுகிறோம். இருபது வயதைத் தாண்டிய ஒருத்தியின் குணத்தை ஒரே வீட்டில் தங்கியிருக்கும் இன்னொருத்தி மாற்றிவிட முடியாது. ஒரு பொருள் எவ்வளவு இருக்கிறது, யாருக்கு எவ்வளவு வேண்டும், யார் எப்போது எடுப்பது என்பதை மாற்ற முடியும். சண்டையைத் தீர்ப்பது என்று நான் சொல்வது முதலில் இந்த இரண்டாவது வேலையைத்தான்.

தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் மிகக் கடுமையான வார்த்தைகள் தண்ணீரின் பேரில்தான் விழுந்தன. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வறண்ட காற்று வீசத் தொடங்கியதும் கிணறுகளில் தண்ணீர் இறங்கிவிடும். அதுவரை காலையும் மாலையும் மோட்டார் போட்ட சேச்சி, மார்ச் மாதக் கடைசியில் ஒரு வேளை மட்டுமே போட முடியும் என்று சொல்லிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சிக்காரி வாரத்துத் துணியெல்லாம் துவைத்து முடித்திருந்தாள். மறையூர்க்காரி உடம்பெல்லாம் சோப்புப் போட்டுக்கொண்டு குழாயைத் திறந்தபோது காற்றுதான் வந்தது. "உனக்கு மத்தவங்களப் பத்தி நினைப்பே கிடையாதாடி?" என்று இவள் கேட்க, "நான் என்ன தினமுமா துவைக்கிறேன்? தினமும் அரை மணி நேரம் உள்ளே இருக்கிறது யாரு?" என்று அவள் திருப்பிக் கேட்க, அன்று மத்தியானம் ஆளுக்கொரு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டோம்.

அன்று மாலை மலப்புரத்துத் தோழிதான் மொட்டைமாடிக்கு ஏறிப்போய்த் தொட்டியின் மேல் எழுதியிருந்த அளவைப் பார்த்துவிட்டு வந்தாள்: 500 லிட்டர். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்கு ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது மத்திய அரசின் குடிநீர் வழங்கல் கையேடு வகுத்திருக்கும் அளவு. நால்வருக்கு அது 540 லிட்டர். அதாவது, நாங்கள் நால்வரும் எந்தத் தவறும் செய்யாமல் நாட்டின் வழக்கமான கணக்குப்படி தண்ணீர் செலவழித்தாலும் ஒரு வேளை நிரப்பும் தொட்டி எங்களுக்குப் போதாது. இந்த ஓர் எண் தெரிந்ததும் பேச்சின் திசையே மாறியது. யார் வீணாக்கினார்கள் என்ற கேள்வி போய், இருப்பதை எப்படிப் பங்கிடுவது என்ற கேள்வி வந்தது.

அதற்குப் பிறகு ஒரு வாரம், குளியலறைக் கதவின் உட்புறத்தில் நான்கு கட்டம் போட்டு, ஒரு வாளி பிடித்தால் ஒரு கோடு என்று சாக்பீஸால் போட்டு வந்தோம். யாரும் யாரையும் வேவு பார்க்கவில்லை. அவரவர் கோட்டை அவரவரே போட்டோம். வாளி 15 லிட்டர் பிடிக்கும். வார முடிவில் கூட்டிப் பார்த்தபோது, எல்லாருடைய கோடுகளையும் சேர்த்தாலும் தொட்டி காலியாகும் அளவுக்கு வரவில்லை. இரவு படுக்கப் போகும்போது தொட்டியில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு, காலையில் யாரும் குழாயைத் தொடுவதற்குமுன் மறுபடி பார்த்தோம். மட்டம் இறங்கியிருந்தது. கழிப்பறை ஃப்ளஷ் தொட்டியின் அடியிலிருந்த ரப்பர் வாஷர் தேய்ந்து, சத்தமே இல்லாமல் இரவு முழுவதும் பேசினுக்குள் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. பேசினின் பின்சுவரில் ஒரு காகிதத் துண்டை ஒட்டவைத்தால் அது நனைந்து கீழே இறங்குவதை வைத்து இதைக் கண்டுபிடிக்கலாம் என்று பிளம்பர் அண்ணன் சொல்லிக்கொடுத்தார். வாஷரை மாற்ற ஆன செலவு மிகவும் சொற்பம். அதற்காக இரண்டு பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் இருந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் கனக்கிறது.

வாஷர் மாற்றியதால் மட்டும் கோடை தீர்ந்துவிடவில்லை. துணி துவைப்பதை ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எடுத்து, ஆளுக்கொரு நாளாகப் பிரித்துக்கொண்டோம். காலையில் குளிக்க ஆளுக்கு இரண்டு வாளி, தலைக்குக் குளிக்கும் நாளில் மூன்று. கடைசியாகக் குளிப்பவருக்குத் தண்ணீர் இல்லாமல் போகக்கூடாது என்பதற்காக மூடி போட்ட ஒரு டிரம்மில் எப்போதும் தண்ணீர் நிரப்பி வைத்தோம். அதை எடுத்தவர் அன்றே நிரப்ப வேண்டும்.

எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்குத் தண்ணீர்த் தகராறு என்பது குழந்தைப் பருவத்திலிருந்தே காதில் விழும் செய்தி. ஆற்று நீரைப் பங்கிடும் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்ட ஒப்பந்தம் கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே 1970இல் கையெழுத்தாகி, 1958 முதலே நடைமுறையில் இருப்பதாகக் கொள்ளப்பட்டது. மணக்கடவு தடுப்பணை வழியாகச் சித்தூர்ப் புழை என்னும் எங்கள் ஆற்றுக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் வர வேண்டும் என்பது அதில் எழுதப்பட்ட அளவு. கோடை வந்தால் தண்ணீர் குறைவாக வருகிறது என்று எங்கள் பக்கத்து உழவர்கள் சாலைக்கு வருவார்கள். அணைகளில் இருப்பே இல்லை என்று அந்தப் பக்கத்தார் சொல்வார்கள். பொள்ளாச்சிக்காரி வீட்டுத் தென்னந்தோப்பும் எங்கள் வீட்டு வயலும் அதே திட்டத்தின் தண்ணீரை நம்பி இருப்பவை என்பதால், இரு தரப்பு நியாயத்தையும் நாங்கள் இருவரும் சமையலறையில் நின்றே பேசியிருக்கிறோம். வாதம் எவ்வளவு சூடேறினாலும், மணக்கடவில் எவ்வளவு அளந்தது என்ற எண்ணுக்கு இரண்டு மாநிலங்களும் திரும்பி வந்தாக வேண்டும். ஒப்பந்தம் சண்டையை ஒழித்துவிடவில்லை. ஆனால் எதைப் பற்றிச் சண்டை போடுகிறோம் என்பதை அது தெளிவாக்கி வைத்திருக்கிறது. நான்கு பேர் வாழும் வீட்டுக்கும் இப்படி எல்லாரும் ஒப்புக்கொண்ட ஓர் அளவிடும் இடம் வேண்டும் என்பது என் கட்சி.

பொதுவில் அனுபவிக்கும் வளத்தை மக்கள் எப்படிச் சண்டையில்லாமல் காத்துக்கொள்கிறார்கள் என்று ஆராய்ந்ததற்காக எலினோர் ஆஸ்ட்ரம் 2009ஆம் ஆண்டின் பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர். நேபாளத்து உழவர்களே நடத்தும் வாய்க்கால்களையும் ஸ்பெயினின் வாலென்சியாப் பாசனக் குழுக்களையும் பார்த்து அவர் சொன்னவற்றில் மூன்றை எங்கள் வீட்டுக்கு அப்படியே எடுத்துக்கொண்டோம். விதியை அதற்குக் கட்டுப்படுகிறவர்களே சேர்ந்து செய்ய வேண்டும். மீறினால் முதல் தண்டனை மிகச் சிறியதாக இருக்க வேண்டும். தகராறு வந்தால் செலவில்லாமல், உடனுக்குடன் பேசித் தீர்க்க ஓர் இடம் இருக்க வேண்டும். இந்த மூன்றாவதைத்தான் மாணவர் வீடுகளில் யாரும் ஏற்படுத்திக்கொள்வதில்லை. ஒன்று, பல்லைக் கடித்துக்கொண்டு மாதக்கணக்கில் பொறுத்துப் போகிறார்கள்; இல்லாவிட்டால் நேரே வீட்டு உரிமையாளரிடமோ பெற்றோரிடமோ போய்விடுகிறார்கள். உரிமையாளரை நடுவராக்கும் வீட்டில் பிறகு நிம்மதி இருக்காது. அவர் தீர்ப்புச் சொன்ன அன்றே ஒருத்தி அவருக்கு வேண்டியவளாகவும் இன்னொருத்தி வேண்டாதவளாகவும் ஆகிவிடுவாள்.

பால் பாக்கெட் விஷயத்தையும் சொல்ல வேண்டும். கேரளத்தில் வீடு வீடாக வந்து பிளாஸ்டிக் கழிவை வாங்கிக்கொண்டு போகும் ஹரித கர்ம சேனைப் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். மாதம் ஒருமுறை வருவார்கள், கட்டணம் உண்டு. பிளாஸ்டிக்கைக் கழுவி உலர்த்தித் தர வேண்டும். புளித்த பால் வாடையுடன் கொடுத்தால் வாங்க மாட்டார்கள், வாங்கவும் கூடாது, ஏனென்றால் அதைக் கையால் தரம் பிரிக்கப் போகிறவர்களும் அவர்கள்தான். எங்கள் வீட்டில் தினமும் இரண்டு பாக்கெட் பால். பாலைக் காய்ச்சியவர் பாக்கெட்டைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் போட்டுவிட்டுப் போவார்; பாத்திரம் தேய்க்க வந்தவர் அதைத் தன் வேலை இல்லை என்று ஓரமாக ஒதுக்கி வைப்பார்; சாயங்காலத்துக்குள் எறும்பு மொய்த்துவிடும். யார் முறை என்று அட்டவணை போட்டும் இது சரியாகவில்லை. மறையூர்க்காரியின் அம்மா ஒருநாள் வந்து தங்கியபோது செய்ததைப் பார்த்துத்தான் வழி கிடைத்தது. பாக்கெட்டின் மூலையை முழுவதும் வெட்டி எறியாமல் ஒரு நூலளவு ஒட்டிக்கொண்டிருக்கும்படி வெட்டினார். பாலைப் பாத்திரத்தில் ஊற்றியதும் அரை டம்ளர் தண்ணீரைப் பாக்கெட்டுக்குள் விட்டு, வாயைப் பிடித்துக் குலுக்கி, அந்தத் தண்ணீரையும் பாலிலேயே ஊற்றினார். பிறகு பாக்கெட்டைத் தலைகீழாகக் கம்பியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டார். எல்லாம் சேர்ந்து பால் அடுப்பில் ஏறுவதற்குள் முடிந்துவிட்டது. கழுவுவது தனி வேலையாக இருந்தவரை அது யாருடைய வேலை என்ற சண்டையும் இருந்தது. காய்ச்சுவதோடு அது சேர்ந்துவிட்டபின் அப்படி ஒரு கேள்வியே எழவில்லை.

அரிசியிலும் இப்படி ஒன்று நடந்தது. மலப்புரத்துத் தோழிக்குக் கேரளத்துச் சிவப்பரிசியான மட்டை அரிசிச் சோறு இல்லாவிட்டால் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. எங்கள் மூவருக்கும் பொன்னி. பொன்னி குக்கரில் மூன்று விசிலில் வெந்துவிடும். மட்டை அரிசி அடுப்பில் நெடுநேரம் கொதிக்க வேண்டும். சமையல் எரிவாயு உருளை சீக்கிரம் தீர்ந்தபோது, பணத்தை நான்காகப் பிரிப்பது நியாயமா என்று ஒருத்தி கேட்டாள். அந்தக் கேள்வியில் தவறில்லை, ஆனால் ஒருவர் சாப்பாட்டின் மேல் விரல் நீட்டுவது போல் அது அமைந்துவிட்டதால், மலப்புரத்துக்காரி இரண்டு நாள் வெளியில் சாப்பிட்டுவிட்டு வந்தாள். தீர்வு கீழ்வீட்டிலிருந்து வந்தது. சேச்சி தன் வீட்டில் வைத்திருக்கும் சூடாறாப்பெட்டியைக் காட்டினார். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் அமைப்பு பல ஆண்டுகளுக்கு முன்பே பரப்பிய பொருள் அது. அரிசியைச் சிறிது நேரம் கொதிக்க வைத்து, பாத்திரத்தோடு மூடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டால், அடுப்பின் துணையில்லாமல் அந்தச் சூட்டிலேயே வெந்துவிடும். கல்லூரிக்குக் கிளம்பும்முன் வைத்துவிட்டுப் போய், திரும்பி வந்து கஞ்சியை வடிக்கலாம். நால்வரும் பணம் போட்டு ஒன்று வாங்கினோம். எரிவாயுவைப் பற்றி அதற்குப்பின் யாரும் பேசவில்லை. சில தகராறுகளை நூறு முறை பேசினாலும் தீர்க்க முடியாது, சரியான ஒரு பாத்திரத்தால் தீர்த்துவிட முடியும்.

பணக் கணக்கில் மின்சாரம் தனிப் பாடம். எங்கள் வீட்டில் இதில் பெரிய சிக்கல் இல்லை. இரண்டு தெரு தள்ளிப் பையன்கள் தங்கியிருந்த வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஐந்து பேரில் ஒருவர் தன் அறைக்கு ஒன்றரை டன் ஏ.சி. வாங்கி மாட்டிக்கொண்டார். கூடுதலாக ஆகும் யூனிட்டுக்கு நானே பணம் தருகிறேன் என்றும் நேர்மையாகச் சொன்னார். அப்படியும் பில் வந்ததும் சண்டை வந்தது. காரணம் கட்டணம் போடும் முறையில் இருக்கிறது. கேரளத்தில் வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில் வருகிறது. மாதம் 250 யூனிட் வரை, அதாவது ஒரு பில்லில் 500 யூனிட் வரை, முதல் படிக்குக் குறைந்த விலை, அடுத்த படிக்குச் சற்றுக் கூடுதல் விலை என்று படிப்படியாக ஏறும். அந்த எல்லையைத் தாண்டிவிட்டால் படிகள் மறைந்து, முதல் யூனிட்டிலிருந்தே எல்லாவற்றுக்கும் ஒரே உயர்ந்த விலை. இரவு எட்டு மணி நேரம் ஓடும் ஏ.சி. எட்டு, பத்து யூனிட் எடுக்கும். இரண்டு மாதத்தில் அது மட்டுமே 500ஐத் தொட்டுவிடும். ஆகவே அவர் தன் யூனிட்டுகளுக்குப் பணம் கொடுத்தாலும், மின்விசிறி மட்டும் ஓட்டிய மற்ற நால்வரின் யூனிட்டுகளும் விலை ஏறிவிட்டன.

இதில் நியாயமான கணக்கு ஒன்றுதான் என்று நான் கருதுகிறேன். ஏ.சி. அறைக்கு, அதன் யூனிட்டை மட்டும் தனியாகக் காட்டும் ஒரு சப் மீட்டர் மாட்ட வேண்டும். மொத்த யூனிட்டிலிருந்து அதைக் கழித்து, ஏ.சி. இல்லாதிருந்தால் பில் எவ்வளவு வந்திருக்கும் என்று மின்வாரியத்தின் இணையக் கணிப்பானில் போட்டுப் பார்க்க வேண்டும். அந்தத் தொகையை ஐந்தாகப் பிரித்துக்கொண்டு, உண்மையான பில்லுக்கும் அதற்குமுள்ள வித்தியாசம் முழுவதையும் ஏ.சி. வைத்திருப்பவர் தர வேண்டும். இதைக் கேட்டதும் அந்தப் பையனுக்கு அதிர்ச்சியாகத்தான் இருந்தது, ஆனால் கணக்கைக் காட்டியபின் மறுக்கவில்லை. எல்லையின் அந்தப் பக்கம், எட்டிமடையிலோ கோவையிலோ வீடெடுப்பவர்களுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் கணக்கு வேறு மாதிரி போகும். அங்கும் படிகள் உண்டு, யார் பயன்பாட்டால் படி தாண்டியது என்ற கேள்வியும் உண்டு.

இனிப் பேசும் முறையைப் பற்றி. எங்கள் வீட்டு வாட்ஸ்அப் குழுவில் ஒரு விதி வைத்திருக்கிறோம்: பால் வாங்கி வா, சேச்சி வாடகை கேட்டார், நான் இன்று வர மாட்டேன் என்பவற்றை எழுதலாம், குறையை எழுதக்கூடாது. "யாரோ பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்" என்று பெயர் சொல்லாமல் குழுவில் எழுதும் ஒரு வரி, நேரில் சொல்லும் பத்து வார்த்தையைவிட ஆழமாகத் தைக்கிறது. யாரோ என்றால் யார் என்று நால்வருக்கும் தெரியும். அவள் மட்டும் மற்ற மூவர் முன்னால் பதில் சொல்ல முடியாமல் நிற்பாள். குறையைச் சம்பந்தப்பட்டவரிடம், தனியாக, அன்றோ மறுநாளோ சொல்லிவிட வேண்டும். பசியோடு இருக்கும்போதும், தேர்வுக்கு முந்தைய இரவிலும், அவளுடைய தோழிகள் வந்திருக்கும்போதும் சொல்லக்கூடாது. "நேத்து ராத்திரி நீ போன் பேசினப்ப எனக்குத் தூக்கம் வரல, பதினோரு மணிக்கு மேல ஹால்ல பேசறியா?" என்று நடந்ததையும் வேண்டியதையும் சேர்த்துச் சொன்னால் பெரும்பாலும் "சரி" என்ற பதிலோடு முடிந்துவிடுகிறது. "நீ எப்பவுமே இப்படித்தான்" என்று தொடங்கினால் பழைய கணக்கெல்லாம் வெளியே வரும். மலப்புரத்துத் தோழி என்னைவிட இளையவள் என்பதால் என்னிடம் குறை சொல்லத் தயங்குவாள். "சேச்சி, ஒண்ணு சொன்னா தப்பா நினைக்க மாட்டீங்களே" என்று அவள் தொடங்கினால், என் வேலையை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்து கேட்பேன். மூத்தவர்கள் அந்த இடத்தைக் கொடுக்காவிட்டால் இளையவர்கள் வாய் திறக்காமலே வீட்டை மாற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை டீ குடிக்கும்போது வீட்டுப் பேச்சு. குறை இருந்தாலும் இல்லாவிட்டாலும் உட்காருவோம். குறை இருக்கும் வாரத்தில் மட்டும் கூப்பிட்டால் அது விசாரணையாகிவிடும்.

அளந்து பங்கிட முடியாதவையும் இருக்கின்றன. அண்மை ஆண்டுகளில் ரமலான் தேர்வுக் காலத்தை ஒட்டியே வருகிறது. மலப்புரத்துத் தோழி நோன்பு வைக்க விடியலுக்கு முன்பே எழுந்து சாப்பிட வேண்டும். அவளுடன் ஒரே அறையில் படுக்கும் பொள்ளாச்சிக்காரியோ இரவு இரண்டு மணி வரை படித்துவிட்டுத் தூங்குகிறவள். யார் பக்கமும் பிழை இல்லாத இந்த மாதிரித் தகராறில்தான் மிகுந்த கனிவு தேவைப்படுகிறது. அந்த ஒரு மாதம் ஹாலில், சமையலறைக்கு அருகில் பாய் போட்டுக்கொள்வதாக மலப்புரத்துத் தோழியே சொன்னாள். அலாரத்தை அதிர்வில் மட்டும் வைத்துத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டாள். பொள்ளாச்சிக்காரி இரவு படித்து முடித்துப் படுக்கப் போகும்முன் அவளுக்கான சோற்றையும் குழம்பையும் எடுத்து மேசையில் மூடி வைத்துவிடுவாள். இதை யாரும் விதியாக எழுதவில்லை. பொள்ளாச்சிக்காரி சைவம் என்பதால் மீனுக்குத் தனிச் சட்டியும் தனிக் கரண்டியும் வைத்துக்கொண்டதும், மீன் வறுக்கும் நாளை முன்கூட்டியே சொல்லிவிடுவதும் இதே வகை. ஒருத்தியின் நம்பிக்கையையோ சாப்பாட்டையோ வாக்கெடுப்புக்கு விடக்கூடாது. மூன்று பேர் ஒருபக்கம் இருக்கிறார்கள் என்பதற்காக நான்காமவளை அடக்குவது கூடி வாழ்வதாகாது.

பேசித் தீர்க்கக் கூடாதவையும் உண்டு, அதையும் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். மூத்த மாணவர்கள் இளையவர்களை மிரட்டி வேலை வாங்குவது, பணம் பறிப்பது, அடிப்பது, அந்தரங்கப் படம் எடுப்பது போன்றவை வீட்டுத் தகராறுகள் அல்ல, குற்றங்கள். தமிழ்நாட்டில் 1997 முதலும் கேரளத்தில் 1998 முதலும் ராகிங் தடைச் சட்டம் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 விதிமுறைகள் கல்லூரி வளாகத்துக்கு வெளியே நடக்கும் ராகிங்கையும் சேர்த்தே சொல்கின்றன. 1800-180-5522 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் புகார் செய்யலாம். அதேபோல், கூட இருப்பவள் பல நாளாகச் சாப்பிடாமல், தூங்காமல், யாரிடமும் பேசாமல் இருந்தால் அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ளாமல் பக்கத்தில் போய் உட்கார வேண்டும். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் 14416 என்ற எண்ணில் தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்ற அறிவுரையை இந்த இரண்டு இடங்களிலும் யாரும் யாருக்கும் சொல்லக்கூடாது.

வாடகை ஒப்பந்தத்துக்கு வருகிறேன். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையை 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும் என்பதால், வீட்டு உரிமையாளர்கள் வழக்கமாகப் பதினோரு மாதத்துக்கு எழுதுகிறார்கள். மாணவர் வீடுகளில் அதில் ஒருவர் மட்டுமே கையெழுத்துப் போடுவதைப் பார்க்கிறேன். மற்றவர்கள் இடையில் போய்விட்டால் முழு வாடகைக்கும் அந்த ஒருவரே பொறுப்பாகிறார். உடைந்த ஜன்னலுக்கும் சுவரில் விழுந்த ஓட்டைக்கும் அட்வான்ஸில் பிடித்தால், அதையும் அவர் கையிலிருந்து கொடுத்துவிட்டு நண்பர்களிடம் கேட்டு அலைய வேண்டியிருக்கிறது. நால்வர் பெயரும் இருக்க வேண்டும் என்று சேச்சியிடம் கேட்டோம். பதினெட்டு நிரம்பியவர்கள்தானே என்று அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார். அவரவர் கொடுத்த அட்வான்ஸ் எவ்வளவு என்பதையும், போகிறவர் ஒரு மாதம் முன்பே சொல்ல வேண்டும் என்பதையும், வருகிறவர் கொடுக்கும் அட்வான்ஸ் நேரே போகிறவர் கைக்குப் போகும் என்பதையும் தனித்தாளில் எழுதி நாங்கள் நால்வரும் கையெழுத்திட்டு வைத்திருக்கிறோம். இந்தத் தாள் நீதிமன்றத்துக்குப் போவதற்காக எழுதப்பட்டதல்ல. ஓராண்டுக்குப் பிறகு யார் என்ன சொன்னார்கள் என்று நினைவுபடுத்திக்கொள்ளும் தொல்லை வேண்டாம் என்பதற்காக எழுதியது.

ஓணம், பொங்கல், கோடை விடுமுறையில் ஊருக்குப் போனால் வாடகையில் பங்கு உண்டா என்பது எல்லா வீட்டிலும் வரும் கேள்வி. வாடகை, இணையக் கட்டணம், ஹரித கர்ம சேனைக் கட்டணம் ஆகியவை ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சமமாகப் பிரியும். பால், காய்கறி, எரிவாயு ஆகியவை இருந்த நாள்களுக்கு மட்டும். மின்சாரத்தையும் இருந்த நாள் கணக்கில்தான் பிரிக்கிறோம். செலவு செய்தவர் அன்றே நோட்டில் எழுதிவிட வேண்டும், மாதம் ஐந்தாம் தேதிக்குள் ஜிபேயில் கணக்குத் தீர்த்துவிட வேண்டும்.

வருகிற மே மாதம் மறையூர்க்காரி படிப்பு முடித்துப் போகிறாள். பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால், அவள் போனபின் ஜூனில் வரும் பில்லில் அவள் பங்கும் கலந்திருக்கும். இந்தக் கடைசிப் பில்லால் நல்ல நட்புகள் கசந்துபோனதைப் பக்கத்து வீடுகளில் பார்த்திருக்கிறேன். ஆகவே அவள் பெட்டியை இறக்கும் நாளில் மின்மீட்டர் எண்ணைப் படம் எடுத்துக்கொள்வது, முந்தைய பில்லின் எண்ணிலிருந்து அதுவரை ஆன யூனிட்டுக்கு நால்வரும் அன்றே பணம் பிரித்து வைத்துவிடுவது, அதற்குப் பிந்தைய யூனிட்டை இருப்பவர்கள் ஏற்றுக்கொள்வது, பில் வந்தபின் படி மாறியதால் வித்தியாசம் வந்தால் அந்தத் தொகையை மட்டும் அவளுக்குத் தெரிவிப்பது என்று போன ஞாயிற்றுக்கிழமை பேசி முடித்து, அதே தாளின் அடியில் எழுதிவிட்டோம்.